கரையும் ஸ்டென்ட்: இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கொரோனரி ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பதாக ஆஞ்சியோகிராம் காட்டி, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், நோயாளியின் மனத்தில் எழும் முதல் கவலைகளில் ஒன்று, ஓர் உலோகத் துண்டு வாழ்நாள் முழுவதும் இதயத்துக்குள் இருக்கப்போகிறதே என்பதுதான். அந்தக் கவலையிலிருந்துதான் கரையும் ஸ்டென்ட் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. இங்குள்ள பதில்கள் விவரங்களைப் புரிந்துகொள்வதற்கானவை. எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை அவருடைய ஆஞ்சியோகிராமைப் பார்த்த இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கரையும் ஸ்டென்ட் என்பது என்ன?

ஸ்டென்ட் என்பது வலைபோன்ற சுவர் கொண்ட ஒரு சிறிய குழல். சுருக்கிய நிலையில் ஒரு பலூனின் மேல் பொருத்தப்பட்டு, மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக அடைப்பு இருக்கும் இடம்வரை கொண்டு செல்லப்படுகிறது. பலூனை ஊதும்போது குழல் விரிந்து, அடைப்பைச் சுவரோடு ஒதுக்கி, குழாயைத் திறந்த நிலையில் தாங்கிப் பிடிக்கிறது. வழக்கமான ஸ்டென்ட் கோபால்ட் குரோமியம் போன்ற உலோகக் கலவையால் ஆனது. அது நிரந்தரமாக அங்கேயே இருக்கும். கரையும் ஸ்டென்டும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால், எலும்பு கூடும்வரை மட்டும் மாவுக்கட்டு இருப்பதுபோல, குழாயின் சுவர் ஆறித் தன் பலத்தில் நிற்கும்வரை தாங்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்ல உடலில் கரைந்துவிடும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

உலோக ஸ்டென்டே நன்றாக வேலை செய்யும்போது, கரைவதற்கான தேவை என்ன?

1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக ஒரு நோயாளியின் கொரோனரி அடைப்பைப் பலூனால் திறந்தபோது, உள்ளே எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. ஆனால் பலூனால் மட்டும் திறந்த குழாய்களில் சில உடனே மூடிக்கொண்டன. வேறு சில, சில மாதங்களில் மீண்டும் சுருங்கின. 1986-இல் மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்ட உலோக ஸ்டென்ட் முதல் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் ஸ்டென்டின் மேல் தசை வளர்ந்து குழாயை மறுபடி அடைக்கும் தொல்லை இருந்தது. அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து பூசிய ஸ்டென்டுகள் 2002, 2003 ஆண்டுகளில் பயன்பாட்டுக்கு வந்த பிறகு அதுவும் வெகுவாகக் குறைந்தது.

அதன் பிறகும் ஒரு குறை மிஞ்சியது. குழாய்க்குத் தாங்கல் தேவைப்படுவது முதல் சில மாதங்கள்தான். உலோகமோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருக்கிறது. ஸ்டென்ட் இருக்கும் பகுதி தேவைக்கேற்ப விரியவோ சுருங்கவோ முடியாமல் விறைத்து நிற்கிறது. அதன் உட்புறத்தில் காலப்போக்கில் புதிதாகக் கொழுப்புப் படியலாம். பின்னாளில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், உலோகம் நிறைந்த நீண்ட பகுதியில் புதிய குழாயை இணைக்க இடம் கிடைக்காமல் போகலாம். முதல் ஆண்டு கடந்த பிறகும், எந்தத் தலைமுறை உலோக ஸ்டென்டாக இருந்தாலும், ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் நோயாளிகளுக்கு அந்த ஸ்டென்ட் சார்ந்த பிரச்சினைகள் வந்துகொண்டே இருப்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஐம்பது வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்கு அது இருபது, முப்பது ஆண்டுகளுக்குத் தொடரும் கணக்கு. கரையும் ஸ்டென்டின் நியாயம் முழுவதும் இந்தத் தொலைதூரக் கணக்கில்தான் இருக்கிறது.

அது எதனால் செய்யப்படுகிறது, எப்படிக் கரைகிறது?

இரண்டு பெரிய வழிகள் உள்ளன. ஒன்று, பாலிலாக்டிக் அமிலம் எனப்படும் பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்திருக்கும் பொருள். அறுவைச் சிகிச்சையில் பயன்படும் கரையும் தையல் நூல்களிலும் இந்தக் குடும்பத்துப் பாலிமர்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. உடலிலுள்ள நீர், பாலிமரின் நீண்ட சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. சங்கிலிகள் குறுகக் குறுக ஸ்டென்ட் முதலில் தன் வலிமையை இழக்கிறது. அதற்கு வெகு காலம் கழித்தே எடையை இழக்கிறது. கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலத்தை உடல் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. இப்படி உருவான அப்சார்ப் என்ற ஸ்டென்ட், குழாயை ஏறத்தாழ ஆறு மாதங்கள் உறுதியாகத் தாங்கியது. முழுவதும் கரைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

மற்றொன்று, மெக்னீசியக் கலவை. இதுவும் உலோகம்தான், ஆனால் உடலுக்குள் அரிக்கப்பட்டுக் கரையக்கூடிய உலோகம். இதன் பெரும்பகுதி ஓராண்டுக்குள் கரைந்துவிடுகிறது. தாங்கும் வலிமையும் அதற்கேற்ப விரைவில் குறைந்துவிடும்.

வலிமை இழப்பதும் கரைந்து முடிவதும் வெவ்வேறு காலங்களில் நடக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சிக்கல்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் நேர்ந்தன.

ஒரு துளிகூட மிஞ்சாமல் கரைந்துவிடுமா?

ஸ்டென்டின் சட்டகம் கரைந்துவிடும். ஆனால் பாலிமர் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், ஸ்டென்ட் எங்கே இருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதற்காக அதன் இரு முனைகளிலும் நுண்ணிய உலோகப் புள்ளிகள் பதிக்கப்படுகின்றன. அப்சார்பில் அவை பிளாட்டினத்தால் ஆனவை. அவை குழாயின் சுவரிலேயே தங்கிவிடும். அவற்றால் தீங்கு இல்லை.

பொருத்தும் முறையில் வேறுபாடு உண்டா?

நோயாளியின் அனுபவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மருத்துவரின் கையில்தான் வேறுபாடு இருக்கிறது, அதுவும் கணிசமானது.

உலோகத்தின் வலிமையைப் பாலிமர் எட்ட வேண்டுமானால், அதன் கம்பிகள் தடிமனாக இருக்க வேண்டும். அப்சார்பின் கம்பி சுமார் 150 மைக்ரான் தடிமன் கொண்டது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அப்சார்பைத் தயாரித்த அபாட் நிறுவனத்தின் சயன்ஸ் என்ற உலோக ஸ்டென்டின் கம்பி 81 மைக்ரான்தான். தடித்த ஸ்டென்ட் சுண்ணாம்புபோல் இறுகிய அடைப்புக்குள் எளிதில் நுழையாது. ஆகவே முதலில் ஒரு பலூனால் அடைப்பை நன்றாக விரித்து வழி செய்ய வேண்டும். ஸ்டென்டை விரிக்கும் பலூனையும் ஒரேயடியாக ஊதிவிடக் கூடாது. பாலிமருக்கு நெகிழ நேரம் கொடுத்து, அழுத்தத்தைச் சில நொடிகளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். உலோக ஸ்டென்ட் குழாயைவிடச் சற்றுச் சிறியதாக அமைந்துவிட்டால் பெரிய பலூனால் விரித்துச் சரிசெய்துகொள்ளலாம். 3 மில்லிமீட்டர் அளவுள்ள அப்சார்பையோ 3.5 மில்லிமீட்டருக்கு மேல் விரிக்கக் கூடாது. மீறினால் கம்பி முறியும். எனவே குழாயின் அளவைத் தொடக்கத்திலேயே துல்லியமாகக் கணிக்க வேண்டும், முடிவில் உயர் அழுத்தப் பலூனால் மறுபடி விரித்து, ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்க்குள்ளிருந்தே படமெடுக்கும் ஓ.சி.டி. என்ற ஒளிக்கருவி இதற்குப் பெரிதும் உதவுகிறது.

அப்சார்ப் ஏன் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது?

இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம் இந்தக் கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுவதும் கரையும் கொரோனரி ஸ்டென்டை மனிதரிடம் முதலில் சோதித்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். 1990-களின் இறுதியில் இகாகி-டமாய் என்ற ஸ்டென்டை அவர்கள் பயன்படுத்தினார்கள். அதில் மருந்து பூசப்படவில்லை. எவரோலிமஸ் மருந்து பூசிய அப்சார்பை அபாட் நிறுவனம் உருவாக்கியது. 2006-இல் 30 நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்வின் முடிவுகள் மிகுந்த நம்பிக்கையைத் தந்தன. 2011-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 2016 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அனுமதித்தது.

அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையாக இருந்த அப்சார்ப்-3 ஆய்வில் 2008 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஓராண்டு முடிவில் சிகிச்சை தோல்வியடைந்த விகிதம் அப்சார்பில் 7.8 சதவீதம், சயன்ஸில் 6.1 சதவீதம். வேறுபாடு, ஆய்வு முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட வரம்புக்குள் இருந்ததால் அனுமதி கிடைத்தது. ஆனால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது அப்சார்பில் 1.5 சதவீதம், சயன்ஸில் 0.7 சதவீதம் என்ற எண்களும் அதே அறிக்கையில் இருந்தன. கரைந்து முடிந்த பிறகு நன்மை வெளிப்பட்டு இந்த வேறுபாட்டை ஈடுகட்டும் என்பதே அப்போதைய எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. இரண்டு ஆண்டுகளில் இதயம் சார்ந்த பெரும் பாதிப்புகள் அப்சார்பில் 11 சதவீதமாகவும் சயன்ஸில் 7.9 சதவீதமாகவும் இருப்பதாக 2017 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. அதே மாதத்தில் வெளியான, நெதர்லாந்தில் 1845 நோயாளிகளிடம் நடந்த ஆய்டா ஆய்வில், ரத்தம் உறைந்த விகிதம் அப்சார்பில் 3.5 சதவீதம், உலோக ஸ்டென்டில் 0.9 சதவீதம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவது என்றால் பெரும்பாலும் மாரடைப்பு என்று பொருள். 2017 செப்டம்பரில் அபாட் அதன் விற்பனையை நிறுத்தியது. குழாய் இயல்பாக விரிந்து சுருங்கும் தன்மை திரும்பும் என்ற வாக்குறுதிகூட, அதை மூன்று ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்த அப்சார்ப்-2 ஆய்வில் உலோக ஸ்டென்டைவிட மேலாக வெளிப்படவில்லை.

பத்தாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு நன்மைக்காக, முதல் மூன்று ஆண்டுகளில் கூடுதல் ஆபத்தை ஏற்கச் சொல்வது நோயாளிக்கு நியாயமாகாது என்பதே என் உறுதியான கருத்து. ஆய்வு முறை சரியாகவே வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் நடந்திராவிட்டால் இந்த ஆபத்து தனித்தனி மருத்துவமனைகளின் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

ரத்தம் உறைந்ததற்குக் காரணம் என்ன?

தடித்த கம்பி ரத்த ஓட்டத்தில் சுழலை உண்டாக்குகிறது; அங்கே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் கூடுகின்றன. கம்பியின் மேல் குழாயின் உள்தோல் படர்ந்து மூடவும் அதிகக் காலம் பிடிக்கிறது. மெல்லிய குழாய்களில், குறிப்பாக 2.25 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ளவற்றில், இந்தத் தொல்லை அதிகமாக இருந்தது. பிற்காலத்தில் உறைந்ததற்குக் காரணம் வேறு: உள்தோல் முழுவதும் மூடுவதற்கு முன் பாலிமர் வலிமை இழந்து, கம்பிகள் துண்டாகி, குழாயின் உட்புறத்துக்குள் சரிந்தன. கரைவதற்காகவே செய்யப்பட்ட பொருள், ஒழுங்கின்றிக் கரைந்ததால் வந்த கேடு அது.

பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தியபோது ஆபத்து குறைந்தது உண்மை. ஆனால் முற்றிலும் மறையவில்லை.

அப்படியானால் இந்த முயற்சி முடிந்துவிட்டதா?

முடியவில்லை. அப்சார்ப்-3 நோயாளிகளை ஐந்து ஆண்டுகள்வரை கவனித்தபோது, கூடுதல் ஆபத்து முதல் மூன்று ஆண்டுகளோடு, அதாவது ஸ்டென்ட் கரையும் காலத்தோடு, நின்றுவிட்டது தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் சமமாக இருந்தன. கம்பியை மெலிதாக்கி, விரைவாகவும் சீராகவும் கரையச் செய்தால் அந்த ஆபத்தான காலம் சுருங்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

மெரில் நிறுவனத்தின் மெரெஸ்100 என்ற பாலிமர் ஸ்டென்டின் கம்பி 100 மைக்ரான் தடிமன்தான். பயோட்ரானிக் நிறுவனத்தின் மெக்னீசிய ஸ்டென்டான மேக்மாரிஸ் 2016-இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது; அதன் அடுத்த தலைமுறையான ஃப்ரீசால்வ் 2024-இல் அனுமதி பெற்றது. மேக்மாரிஸ் தொடர்பான ஆய்வுகளில் ரத்தம் உறைவது அரிதாகவே காணப்பட்டது. எனினும், மாரடைப்போடு வந்த 150 நோயாளிகளிடம் நடந்த மேக்ஸ்டெமி ஆய்வில், குழாய் விரிந்து சுருங்கும் தன்மை மெக்னீசியத்தில் மேலாக இருந்தபோதும், குழாய் மீண்டும் சுருங்கி மறுசிகிச்சை தேவைப்பட்டது உலோக ஸ்டென்டைவிட அதிகமாக இருந்தது. தாங்கல் சீக்கிரம் போய்விட்டால் அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. புதிய ஸ்டென்டுகளின் தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் அப்சார்புக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

"கரையும் பாலிமர் ஸ்டென்ட்" என்று என் மருத்துவச் சீட்டில் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. குழப்பம் அதிகம் நேரும் இடம் இது. சினர்ஜி, ஓர்சிரோ போன்ற ஸ்டென்டுகளில் சட்டகம் உலோகம். அதன் மேல் மருந்தைத் தாங்கியிருக்கும் மெல்லிய பாலிமர்ப் பூச்சு மட்டுமே கரையும். உலோகம் நிரந்தரமாக இருக்கும். இவை நன்கு சோதிக்கப்பட்ட, பரவலாகப் பயன்படும் நல்ல ஸ்டென்டுகள். உங்களுக்கு வைத்தது எது என்று அறிய, மருத்துவமனை தரும் அட்டையில் உள்ள பெயரையும் அளவையும் காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அட்டையை எப்போதும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

யாருக்கு இது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

2018-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், கரையும் ஸ்டென்டை மருத்துவ ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. அது பெரும்பாலும் முதல் தலைமுறையின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. இன்றும் இந்த ஸ்டென்ட் பரிசீலிக்கப்படுவது பொதுவாக, முன்னால் நீண்ட வாழ்க்கை உள்ள இளம் வயதினருக்கும், அடைப்பு குறுகியதாகவும் குழாய் அகலமாகவும் உள்ளவர்களுக்கும்தான். மெல்லிய குழாய், சுண்ணாம்பு படிந்து இறுகிய அடைப்பு, கிளை பிரியும் இடத்தில் உள்ள சிக்கலான அடைப்பு, இடது முதன்மைக் குழாய் ஆகியவற்றுக்கு இது ஏற்றதல்ல. ரத்தம் கசியும் அபாயம் உள்ளவர்களும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் தொடர முடியாதவர்களும் தவிர்க்க வேண்டும். வயது முதிர்ந்தவருக்குத் தொலைதூர நன்மையால் பயன் குறைவு. அவருக்கு நவீன உலோக ஸ்டென்டே பொருத்தமானது.

மாத்திரைகளை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?

ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிகாகிரெலர் போன்ற இரண்டாவது மாத்திரையும் சேர்த்துத் தரப்படுகிறது. மருந்து பூசிய உலோக ஸ்டென்டுக்கு, மாரடைப்பு இல்லாமல் நிலையான நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பொதுவாக ஆறு மாதமும், மாரடைப்போடு வந்தவருக்கு ஓராண்டும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வது வழக்கம். கரையும் ஸ்டென்டுக்குக் குறைந்தது ஓராண்டு. ரத்தக் கசிவு அபாயம் குறைவாக இருந்தால், ஸ்டென்ட் கரைந்து முடியும் காலம்வரை தொடரலாம் என்பது ஐரோப்பியப் பரிந்துரை. "கரைகிற ஸ்டென்ட்தானே, மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தலாம்" என்று நினைப்பது மிகவும் ஆபத்தான தவறு. பல் பிடுங்குவதற்காகவோ வேறு அறுவைச் சிகிச்சைக்காகவோ நிறுத்தச் சொன்னால்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அப்சார்ப் வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். உலகெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வைக்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ரத்தம் உறையும் சிக்கல் வரவில்லை. உங்களுக்கு வைத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதென்றால் ஸ்டென்ட் கரைந்திருக்கும், அதனால் வரும் கூடுதல் ஆபத்தும் பெரும்பாலும் கடந்திருக்கும். அதை வெளியே எடுக்கும் சிகிச்சை எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. மற்ற இதய நோயாளிகளைப்போல வழக்கமான பரிசோதனைக்குச் சென்றுவந்தால் போதும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எடுக்கலாம். இன்றைய உலோக ஸ்டென்டுகளோடும் எடுக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகக் கரையும் ஸ்டென்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சி.டி. ஆஞ்சியோகிராமில் மட்டும் வேறுபாடு உண்டு. உலோகம் படத்தில் பளிச்சிட்டுக் குழாயின் உட்புறத்தை மறைக்கும், பாலிமர் மறைக்காது.

கரைந்த இடத்தில் அடைப்பு மறுபடி வராதா?

வரலாம். ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத் திறக்கிறது. குழாய்களில் கொழுப்புப் படியும் நோயை அது குணப்படுத்துவதில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது, புகைப்பதை அறவே விடுவது ஆகியவை எந்த ஸ்டென்ட் வைத்தாலும் தேவை.

உள்ளே எதையும் விட்டுவைக்காத வேறு வழிகள் உண்டா?

மருந்து பூசிய பலூன் அப்படிப்பட்டது. அடைப்பை விரித்து, மருந்தைச் சுவரில் பூசிவிட்டு, பலூன் வெளியே வந்துவிடும். ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் மீண்டும் அடைப்பு வந்தவர்களுக்கும், மெல்லிய குழாய்களுக்கும் இது பயன்படுகிறது. விரித்த பிறகு சுவர் கிழிந்தாலோ குழாய் உடனே சுருங்கினாலோ, ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும்.

கரையும் ஸ்டென்ட் இதயத்துக்கு வெளியேயும் இடம்பிடித்து வருகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள ரத்தக் குழாய் அடைப்புக்காக அபாட் உருவாக்கிய எஸ்ப்ரிட் என்ற கரையும் ஸ்டென்டை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் அனுமதித்தது. 261 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அது வெறும் பலூன் சிகிச்சையைவிடச் சிறந்த பலன் தந்தது. அங்கே அது போட்டியிட்டது பலூனோடு. இதயத்தில் போட்டியிட வேண்டியிருந்தது மிகச் சிறந்த உலோக ஸ்டென்டோடு.

எனக்குக் கரையும் ஸ்டென்ட் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், நான் என்ன கேட்க வேண்டும்?

அதன் பெயரையும், கம்பியின் தடிமனையும், அது உலோக ஸ்டென்டோடு நேரடியாக ஒப்பிட்டு எத்தனை நோயாளிகளிடம், எத்தனை ஆண்டுகள் சோதிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். என் குழாயின் விட்டம் என்ன, அடைப்பில் சுண்ணாம்பு உண்டா, உள்ளிருந்து படமெடுத்துச் சரிபார்ப்பீர்களா, இந்த வகை ஸ்டென்டை நீங்கள் அடிக்கடி பொருத்துகிறீர்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். மாரடைப்போடு நள்ளிரவில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவருக்கு இவற்றையெல்லாம் கேட்க அவகாசம் இருக்காது. அந்த நேரத்தில் குழாயை உடனே திறப்பதே முக்கியம், அதற்கு நவீன உலோக ஸ்டென்ட் நம்பகமானது. நாள் குறித்துச் செய்யப்படும் சிகிச்சையில், பதில்களைக் கேட்டபின் வீட்டாரோடு பேசி முடிவெடுக்க ஓரிரு நாள் அவகாசம் கேட்டால் அதை எந்த நல்ல மருத்துவரும் மறுக்க மாட்டார்.